இரவற் படையும் சொந்தப் படையும்

"பதினான்கு போர்களிலும் தோற்றுவிட்டேன், ஐயா. இதற்கு வேண்டிய மூளை எனக்கு இல்லை" என்று, என்னிடம் இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் வாடிய முகத்தோடு வந்து நின்றான். அவன் குறித்த போர், கணினித் திரையிலே நிகழும் போக்கிமோன் போர். எந்தப் படையைக் கொண்டு போரிட்டாய் என வினவினேன். தனக்கு விருப்பமான ஆறு மாயவிலங்குகளைத் தானே திரட்டியதாகக் கூறினான். வல்லவர் எவரேனும் வகுத்த படையொன்றை எடுத்து ஆண்டிருக்கலாமே என்றேன். "அது களவல்லவா, ஐயா?" என்று திருப்பிக் கேட்டான்.

அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. பின்னர்ச் சில திங்கள் அவன் அருகிருந்து பார்த்தும், யானே ஆடித் தோற்றும் அதற்கு விடை தேடினேன். பிறர் படையை இரவல் பெற்றுத் தொடங்குதல் களவன்று. கல்வி என்பதே என் துணிபு.

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டுச் சில சொல்லல் வேண்டும். போக்கிமோன் என்பது, பைக்குள் அடங்கும் பூதம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். சிறு வயதிலே பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் இன்பங் கண்டவர் சதோஷி தஜிரி என்பார். அவ்வின்பத்தை இக்காலச் சிறுவர்க்கும் அளிக்க விரும்பி அவர் ஆக்கிய இவ்விளையாட்டு, 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் யப்பானில் வெளிவந்தது. அன்று அதில் இருந்த மாயவிலங்குகள் 151. இன்று அவை ஆயிரத்துக்கு மேற்பட்டன. பிள்ளைகள் முதலில் ஆடுவது கதைப் பயணம். ஒரு குட்டியைத் தெரிந்து வளர்த்து, ஊரூராகச் சென்று, அதன் படிநிலையை உயர்த்திக்கொண்டே போனால் அங்கு வெற்றி தானே வந்தெய்தும். அன்பும் பொறுமையும் அதற்குப் போதுமானவை.

போட்டிக் களமோ முற்றிலும் வேறு. உலக வாகைப் போட்டிகள் நடைபெறும் முறையிலே எல்லார் விலங்குகளும் 50ஆம் படிநிலையில் வைத்தே கணிக்கப்படும். ஆதலின் நெடுநாள் வளர்த்தமை அங்கே பயன் தராது. ஒவ்வொருவரும் ஆறு விலங்குகளைக் கொண்டுவருவர்; ஒருவர் படையை மற்றவர் பார்த்த பின், ஆறில் நான்கைத் தெரிந்து, இரண்டிரண்டாகக் களமிறக்குவர். முதலில் நிற்பன எவை, பின்னே காத்திருப்பன எவை என்று கணக்கிட்டால் ஒரே படையை 90 வகையாக அணிவகுக்கலாம். ஒரு விலங்கு கொள்ளக்கூடிய வித்தைகள் நான்கே. இருவரும் தத்தம் கட்டளையை மறைவாக இட்ட பின்னரே ஒவ்வொரு சுற்றும் நிகழும். எதிரி என்ன நினைப்பான் என்பதை முன்னரே நினைத்தல்தான் இங்குப் போர்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். இக்களம் புகுவானுக்கும் அம்மூன்று அறிவும் வேண்டும். நீர் நெருப்பை வெல்லும், நெருப்புப் புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும் என்றாற்போல 18 இனங்களின் உறவை அறிதல் வலியறிதலாகும். வேகம் மிக்கது முந்தித் தாக்கும் என்பது பொதுவிதி. பின்னின்று வீசும் காற்றை எழுப்பும் ஒரு வித்தை, தன் பக்கத்தாரின் வேகத்தை நான்கு சுற்றுகளுக்கு இருமடங்காக்கும். பிறிதொரு வித்தை ஐந்து சுற்றுகளுக்கு அப்பொதுவிதியையே தலைகீழாக்கி, மெல்ல நடப்பதை முந்தச் செய்யும். இச்சுற்றுகளை மனத்துள் எண்ணியிருத்தல் காலமறிதல். எதனை முன்னிறுத்துவது, எதனைக் காப்பது, எதனைப் பின்வாங்குவது எனத் தெளிதல் இடனறிதல்.

இவற்றைப் புதியவனுக்குக் கற்பிக்கும் வகையிலேதான் தவறு நேர்கின்றது. பழகியவர் பலர், வந்தவனை வாயிலிலேயே எண்களால் வரவேற்கின்றனர். 2022இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் என்னும் ஆட்டங்களிலே ஒரு விலங்கு பெறத்தக்க பயிற்சிப் புள்ளிகள் 510. ஓர் ஆற்றலுக்கு 252க்கு மேல் ஆகாது. சுபாவங்கள் 25 என்று அடுக்கிச் செல்கின்றனர். இவை யாவும் உண்மையே. ஆயினும், வினா எழுமுன் தரப்படும் விடை எவர் நெஞ்சிலும் தங்குவதில்லை. இக்குற்றத்தை யானும் செய்தவன். ஒரு செய்யுளின் சுவையையேனும் காட்டாது, அசை, சீர், தளை என்று மாணவரை மனனஞ் செய்வித்த ஆண்டுகள் எனக்கு உண்டு. அவருட் சிலர் தமிழையே வெறுத்துச் சென்றனர். அது அவர்கள் மூளையின் குறையன்று. என் முறையின் குறை.

ஆகவே தொடங்குவோன் முதலில் ஓர் இரவற் படையைக் கைக்கொள்வானாக. 2011இல் தோன்றிய போக்கிமோன் ஷோடவுன் என்னும் இலவசத் தளத்திலே, விலங்குகளைத் தேடி வளர்க்கும் உழைப்பின்றியே எவரும் படையமைத்துப் பழகலாம். 2019இல் வந்த சோர்ட், ஷீல்ட் ஆட்டங்களிலும், முற்கூறிய 2022ஆம் ஆண்டு ஆட்டங்களிலும், பிறர் படையை ஒரு குறியீட்டின் துணையால் இரவல் பெறும் வசதி அமைக்கப்பட்டது. விளையாட்டை ஆக்கியோரே வாயிலைத் திறந்து வைத்திருக்க, அதன் வழி நுழைபவனைக் கள்வன் என்பது எவ்வாறு பொருந்தும்? இரவலை இரவல் என்று சொல்லிக்கொண்டே ஆடுக. தன் ஆக்கமென்று பறைசாற்றினால் மட்டுமே அது களவாகும்.

தேர்ந்தவர் வகுத்த படையில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணம் பற்றியே நிற்கும். இவ்விலங்கு ஏன் இதனோடு இணைந்தது, இவ்வித்தை ஏன் இங்கு வந்தது என்று கேட்டுக்கொண்டே ஆடுபவனுக்கு அப்படையே ஆசிரியனாகிவிடும். முப்பது போர் முடியும்வரை அதனை மாற்றலாகாது. தோல்விதோறும் ஒரு வரி எழுதி வைத்தல் வேண்டும். நான்கைத் தெரிந்ததிற் பிழையா? முதற் சுற்றிற் பிழையா? எதிரியின் வேகத்தை அறியாமையா? அன்றித் தற்செயலா? தாக்கும்போது எதிர்பாராத பேரடி பொதுவாக 24இல் ஒருமுறை விழும் என்பது இவ்விளையாட்டின் அண்மைக்கால அமைப்பு. அதனால் தோற்றவன் தன்னை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. தன் பிழை எது, தற்செயல் எது எனப் பிரித்தறியாதவனே பதினான்கு தோல்வியில் மனமுடைந்து விலகுகின்றான்.

எல்லாரும் இரவற் படையையே சுமந்து திரிந்தால் புதுமைக்கு இடமெங்கே என்று சிலர் வினவுவர். தம் கட்சிக்குச் சான்றாக அவர்கள் காட்டுவது 2014இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலக வாகைப் போட்டியை. அங்கே கொரிய நாட்டுச் சேஜுன் பாக் என்பார், பச்சிரிசு என்னும் மின்னணிலையும் தம் படையிற் சேர்த்துப் பட்டம் வென்றார். (பச்சரிசி என்று வாசித்துவிடாதீர்கள்!) அதன் ஆறு ஆற்றல்களின் அடிப்படை எண்களைக் கூட்டினால் 405, அதே படையில் நின்ற கியாரடோஸுக்கோ 540. எளியதொன்றை விரும்பி எடுத்தவன் உலகையே வென்றான், ஆதலின் எவரும் தம் மனம்போன படையோடு வெல்லலாம் என்பது அவர் வாதம்.

யான் அவ்வெற்றியில் மறுதலையான பாடத்தையே காண்கின்றேன். கியாரடோஸ் நீர், பறத்தல் என்னும் ஈரினமும் உடையது. மின்தாக்கு அதன்மேல் நான்மடங்காய் விழும். பச்சிரிசு தன் துணைக்கு வரும் தாக்கைத் தன்பால் இழுக்கும் வித்தை கற்றது. அன்றியும், அது பெற்றிருந்த இயல்பு மின்னை உண்டு உயிர் வளர்ப்பது. கியாரடோஸைக் குறித்து எறியப்படும் மின் அணிலுக்கு உணவாகும். இப்பொருத்தம் வெறும் விருப்பத்தால் ஒருவனுக்குத் தோன்றக்கூடியதா? களத்தில் வழக்கமாக வருவன எவை, அவை எங்கே தாக்கும், எவ்வளவு தாக்கும் என்பவற்றை நன்கறிந்தவனுக்கே அது புலப்படும். வழக்கை முற்றக் கற்றவன் கையிலேதான் அவ்வெளிய அணில் வலியதாயிற்று.

என் மாணவன் இப்பொழுது இரவற் படையொன்றைக் கொண்டு ஆடுகின்றான். இன்னும் பெரும்பாலும் தோற்கின்றான் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் சென்ற கிழமை அவன் வந்தபோது முகம் வாடியிருக்கவில்லை. கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. "இருபத்திரண்டாம் போரில் மூன்றாஞ் சுற்றிலே காத்திருக்க வேண்டும், ஐயா, நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்றான். முப்பதும் முடிந்த பின், தனக்கு விருப்பமான விலங்கொன்றை அப்படையிற் சேர்க்க எண்ணியிருப்பதாகவும், எதனை நீக்கினால் இடம் வரும் என்று பார்த்து வருவதாகவும் சொன்னான். மூளையைப் பற்றிய பேச்சை அவன் எடுக்கவே இல்லை.