சந்தேகத்துக்கும் கணக்கு வேண்டும்

லண்டன் மாநகரின் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸாருக்கும் இடையே நம்பிக்கை வளரவேண்டும் என்ற உபதேசம் பிரிட்டனில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வின்றி நடந்து வருகிறது. நம்பவேண்டிய கடமை இளைஞனுக்கு மட்டுமே உரியது என்பது போல அவ்வுபதேசம் பெரும்பாலும் அவனை நோக்கியே செய்யப்படுவதுதான் அதன் குறை. அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவரே முதலில் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பது நமது அபிப்பிராயம்.

நெப்போலியனோடு நடந்த யுத்தம் ஓய்ந்தபின் தெருவில் அலைந்த ஏழைகளையும் பிழைப்பற்ற சிப்பாய்களையும் அடக்கும்பொருட்டு 1824-ல் இயற்றப்பட்ட நாடோடிச் சட்டம், குற்றம் செய்யும் நோக்கத்தோடு நடமாடுவதாகச் சந்தேகிக்கப்படுபவனைக் கைது செய்ய இடமளித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பழைய ஆயுதம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்மீது தாராளமாகப் பிரயோகிக்கப்பட்டது. 1981 ஏப்ரலில், வழிப்பறியை ஒடுக்கும் முயற்சி என்று சொல்லிக்கொண்டு, லண்டனின் பிரிக்ஸ்டன் வட்டாரத்தில் சீருடை அணியாத போலீஸார் ஒரு வாரத்துக்குள் 943 பேரை வழிமறித்தனர். அவர்களில் 118 பேர் கைதாயினர். அவ்வார இறுதியில் கலவரம் மூண்டு பிரிக்ஸ்டன் தீப்பற்றி எரிந்தது. அக்கலவரத்தைப் பற்றிய ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில், நாடோடிச் சட்டத்தின் அந்தச் சந்தேகப் பிரிவு ஒழிந்தது. நியாயமான சந்தேகம் இருந்தால்தான் ஒருவனைச் சோதிக்கலாம், சோதித்த காரணத்தை அவனிடம் சொல்லி எழுதிவைக்கவும் வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

விதி திருந்தியதே தவிர வழக்கம் திருந்தவில்லை. 1993 ஏப்ரலில், எல்த்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது இளைஞன் வெள்ளையர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டபோது, புலன்விசாரணை படுமோசமாக நடந்தது; குற்றவாளிகளில் இருவர் தண்டனை பெறுவதற்கு 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் புலன்விசாரணையை ஆராய்ந்து 1999-ல் வெளியான மக்ஃபர்சன் அறிக்கை, இனவெறி போலீஸ் ஸ்தாபனத்திலேயே ஊறியிருப்பதாகக் கூறிற்று. 2023-ல் லண்டன் போலீஸைப் பற்றிய கேஸி சீமாட்டியின் அறிக்கையும் அதையே மறுபடி கூறிற்று. சந்தேகிக்கும்போது முந்திக்கொள்ளும் கை காப்பாற்றும்போது பிந்துகிறது என்பதே அந்த இளைஞர்களின் அனுபவ ஞானம்.

கத்திக்குத்துக்குப் பலியாவோரில் கறுப்பின இளைஞர்கள் தங்கள் ஜனத்தொகை விகிதத்துக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மகனைப் பறிகொடுத்த தாய், போலீஸ் தன் தெருவை விட்டுப் போய்விட வேண்டும் என்று கேட்பதில்லை. கொலைகாரன் பிடிபட வேண்டும் என்றுதான் கேட்கிறாள். கொலைகாரனைப் பிடிக்கச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியோ, நேற்று அதே தெருவில் காரணமின்றிச் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சட்டைப் பைகள் துழாவப்பட்ட பையனாகவே பல சமயங்களில் இருக்கிறான். அவன் வாய் திறவாமல் இருப்பதைக் குற்றமாகப் பேசுவோர், அவன் வாயை அடைத்தது எது என்று விசாரிப்பதில்லை.

போலீஸார் இளைஞர்களோடு பந்தாடுவதையும், பள்ளிக்கூடங்களுக்குச் சென்று அளவளாவுவதையும் நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கைகுலுக்கிய அதிகாரி திங்கட்கிழமை தெருவில் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதை வைத்தே இளைஞன் அவரை எடை போடுவான். சோதனைகளில் பெரும்பாலானவை வெறுங்கையோடு முடிகின்றன; கறுப்பர்களோ வெள்ளையரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விகிதத்தில் சோதிக்கப்படுகிறார்கள். பொய்த்துப்போன சந்தேகத்துக்கு எவரும் பதில் சொல்வதில்லை. அதிகாரிகளின் உடையில் பொருத்திய காமிராப் பதிவுகளைப் பார்வையிடும் குடிமக்கள் குழுக்கள் உண்டாயினும், அவற்றின் சொல் யோசனையாகவே நின்றுவிடுகிறது. குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் சந்தேகமே இன்றி எவரையும் சோதிக்கலாம் என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவோ, காரணம் சொல்லும் கடமையின் ஆணிவேரையே அறுத்துவிடுகிறது.

அந்தப் பிரிவு நீங்கவேண்டும். ஒவ்வோர் அதிகாரியும் எத்தனை பேரைச் சோதித்தார், எத்தனை முறை எதுவும் அகப்படவில்லை என்ற விவரம் அவ்வட்டார மக்கள்முன், இளைஞர்களும் அமர்ந்திருக்கும் சபையில், தவறாமல் வைக்கப்பட வேண்டும். மீண்டும் மீண்டும் தவறுபவரிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பறிக்கும் உரிமை அச்சபைக்கு இருக்கவேண்டும். நம்பும்படி எவரையும் சட்டத்தால் கட்டளையிட இயலாது. கணக்கு ஒப்புவிக்கும்படி கட்டளையிட இயலும். பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன்னால் இயன்ற காரியத்தைச் செய்துவிட்டு, நம்புவதா வேண்டாமா என்ற தீர்மானத்தை அந்த இளைஞர்களுக்கே விட்டுவிடலாம்.