வலிக்காத நெறி

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். இது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. அதனாலேயே கழுத்தில் ஒரு நெறி தென்பட்டால் யாரும் பயப்படுவதில்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுகிறார்கள். "வலி இல்லையே! தானாகக் கரையும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

கழுத்து நெறி எல்லாம் புற்றுநோய் அல்ல. பல் சொத்தை, தொண்டைப் புண், காச நோய் இவற்றாலும் நெறி கட்டும். ஆனால், பீடியோ சிகரெட்டோ சுருட்டோ பல வருடம் பிடித்தவருக்கு, வலியே இல்லாமல் கெட்டியாக ஒரு நெறி வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. குரல்வளைப் புற்றுநோய் சில சமயம் முதன்முதலில் அப்படித்தான் தலைகாட்டும்.

காவல் சாவடி

உடம்பில் ரத்தக் குழாய்களைத் தவிர, நிணநீர்க் குழாய்கள் என்ற மெல்லிய குழாய்களும் ஓடுகின்றன. வழி நெடுக அவரைக் கொட்டை போன்ற கணுக்கள் இருக்கின்றன. கழுத்தில் மட்டும் நூற்றுக்கு மேல்! அவை காவல் சாவடிகள். கிருமி வந்தால் பிடித்து வைக்கும். அப்போது வீங்குவதைத்தான் நெறி என்கிறோம்.

குரல்வளையில் பெருகும் புற்று அணுக்களில் சில, நிணநீரில் கலந்து மிதந்து போகின்றன. கழுத்துக் கணுவில் தங்கி, அங்கேயே பெருகுகின்றன. காவல் சாவடியே திருடன் குடியிருக்கும் வீடாகிவிடுகிறது! தாடைக்குக் கீழே, கழுத்தின் பெரிய ரத்தக் குழாயை ஒட்டி அது தட்டுப்படும். சவரம் செய்யும்போது கையில் பட்டுத் தெரிந்துகொள்பவர்களும் உண்டு.

குரல்வளையில் எந்த இடத்தில் புற்று வந்தது என்பது முக்கியம். குரல் நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அங்கே வரும் புற்று சீக்கிரம் வெளியே போகாது. குரலும் கம்மிப்போய்க் காட்டிக் கொடுத்துவிடும். நாண்களுக்கு மேலே உள்ள பகுதி அப்படியல்ல. அங்கே நிணநீர்க் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. புற்று கழுத்தின் இரண்டு பக்கமும் விரைவில் பரவும். குரலோ நெடுநாள் மாறாது. விழுங்கும்போது உறுத்தல், காதில் வலி என்று ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சக்கரவர்த்திக்கு நேர்ந்தது

ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரடெரிக்குக்கு 1887 ஜனவரியில் குரல் கம்மியது. குரல் நாணில் வளர்ச்சி இருப்பதைக் கண்ட ஜெர்மன் டாக்டர்கள் மே மாதம் அறுவைக்கு ஏற்பாடு செய்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் மெக்கன்சி தடுத்தார். கிள்ளி எடுத்த துணுக்கில் புற்று தெரியவில்லை என்றார். நவம்பரில் புற்றுதான் என்று உறுதியாயிற்று. 1888 மார்ச்சில் அவர் சக்கரவர்த்தி ஆனபோது பேச முடியாத நிலை. 99 நாள் ஆண்டு, ஜூன் 15-ல் இறந்தார். அறுவையே உயிரைக் குடித்த காலம் அது. அறுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனாலும், குரல் நாண் கொடுத்த அவகாசம் அரண்மனையிலேயே வீணாயிற்று.

இன்று அப்படி வீணாக்கக் காரணம் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, கழுத்தில் நெறி கரையாமல் இருந்தாலோ காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. மெல்லிய குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்கள். நெறியில் சிறு ஊசி குத்திச் சோதிப்பார்கள்.

"ஊசி பட்டால் புற்று பரவும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது உண்டு. வீண் பயம்! பற்றுப் போட்டுக் காத்திருந்த மாதங்களில்தான் அது பரவுகிறது. கணுவுக்குப் போகாத ஆரம்ப நிலை என்றால் கதிர் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதும், குரலும் தப்பும். கணுவில் இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது.

அப்போதும் வழி உண்டு. கழுத்துக் கணுக்களை மொத்தமாக அகற்றும் முறையை 1906-ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் கிரைல் விளக்கி எழுதினார். அந்த நாளில் கழுத்துத் தசையையும் ரத்தக் குழாயையும் சேர்த்தே எடுத்தார்கள். பின்னர் தோளுக்குப் போகும் நரம்பையும் எடுப்பது வழக்கமாயிற்று. நரம்பு போனவரால் கையை உயர்த்த முடியாது. இப்போது கூடியவரை அவற்றை விட்டுவைத்து, கணுக்களை மட்டும் எடுக்கிறார்கள். அறுவை முடிந்தவர்களில் பலர் தங்கள் தலையைத் தாங்களே வாரிக்கொள்கிறார்கள்.