ஒரு பிரதி போதாது

தமிழ் இலக்கியங்களை இணையத்தில் மின்னூல்களாக வழங்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. உலகெங்கும் தமிழாய்வாளர்கள் இன்று நாள்தோறும் இவற்றை நாடுகிறார்கள். ஆனால், 'இணையத்தில் ஏறிவிட்டால் அழியாது' என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணைய நூற்பட்டியல் மாதக்கணக்கில் முடங்கியது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாள்கள் மூடிக் கிடந்தது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை. தாக்குதலே இல்லாவிட்டாலும் எழுத்துருக் குறியாக்கம் மாறினால் கோப்பு இருந்தும் எழுத்து இராது. யூனிகோடுக்கு மாற்றப்பட்டதால்தான் மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்களை இன்று எளிதாகப் படிக்க முடிகிறது. அச்சு நூல்களின் வரலாறும் இதையே சொல்கிறது: 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையே மீளாத இழப்பு.

ஆகவே, இத்தொகுப்புகளின் முழுப் பிரதிகளைப் பல்கலைக்கழகங்களும் அரசு நூலகங்களும் தத்தம் கணினிகளில் வைத்துக் காக்க வேண்டும். செலவு என்பார்கள், எழுத்துக் கோப்புகளுக்குத் தேவைப்படும் இடம் மிகச் சிறிது. பதிப்புரிமை என்னும் தடை மெய்யானது; ஆனாலும் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் புத்தகப் பிரதி வந்துசேர வழிசெய்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுக்காக எழுதப்பட்டது. பிரிட்டன் 2013இலேயே, நூலகங்களுக்குப் பிரதி அளிக்கும் கடமையை மின்வெளியீடுகளுக்கும் விரித்தது. இந்தியாவும் விரிக்கலாம், அதுவரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்கத் தேவையில்லை.