ஒஸ்லோ மச்சாளோடு எந்த மொழியில் கதைப்பீர்கள்?

தம்பி, தங்கச்சிமாரே, பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்தால் ஒரு கிழமை அங்கே ஒரு வீட்டில் தங்கவிடுகிறார்கள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து தங்கும். பலமுறை போரிட்ட இரண்டு நாடுகள், பிள்ளைகள் இப்படிப் போய்வரட்டும் என்று 1963இல் பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் அலுவலகத்தைத் தொடங்கின. இலக்கணப் புத்தகம் மட்டும் போதாது, சாப்பாட்டு மேசையிலும் மொழி படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழுக்கு மட்டும் வார இறுதி வகுப்பும் ஆண்டுச் சோதனையும் போதுமா? லா சப்பலில் கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருக்கிறது. அதன் கீழே நின்று நாங்கள் பிரெஞ்சில் கதைக்கிறோம்.

"ஊருக்குப் போய்வாறோமே" என்பீர்கள். கலியாண வீட்டில் வைஃபை தேடிவிட்டுத் திரும்புவது மொழி படிப்பது ஆகாது.

ஒஸ்லோவிலோ, சூரிச்சிலோ, யாழ்ப்பாணத்திலோ உங்கள் வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டு கிழமை தங்குங்கள். அடுத்த விடுமுறைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். ஒரே நிபந்தனை: ஆங்கிலத்துக்குத் தாவக் கூடாது. ஒஸ்லோ மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது, உங்களுக்கு நோர்வே மொழி தெரியாது. மிஞ்சுவது தமிழ்தான். பிழைபிழையாகக் கதையுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

பெற்றோரே, பெர்லின் பயணப் படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்து வைக்கிறீர்கள். இதற்கும் வையுங்கள். வருகிற யூலையிலேயே தொடங்கலாம்.