பெட்டியில்லாப் புதையல்

புதையல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மையும் மந்திரமும் நள்ளிரவும் எம்மவர் நினைவுக்கு வருதல் இயல்பு. இக்காலத்திலோ, உலகின் பல நாடுகளில், பட்டப்பகலில் கைபேசியுடன் புதையல் தேடித் திரிவோர் இலட்சக்கணக்கானோர். புவிப்புதையல் என்று இவ்விளையாட்டிற்கு நாம் பெயரிட்டுக்கொள்வோம்.

இதன் பிறப்பு வியப்பிற்குரியது. வழிகாட்டிச் செய்மதிகள் பொதுமக்களுக்குத் தரும் குறிப்பினை அமெரிக்க அரசு வேண்டுமென்றே சற்றுப் பிழைபடச் செய்து வந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. நூறு மீற்றர் வரை தவறிய குறிப்பு இருபது மீற்றரளவில் அடங்கிற்று. மே 3 ஆந் திகதி, ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் நூல்கள் சிலவற்றையும், கவண் ஒன்றையும், அவரை அடைத்த பேணி ஒன்றையும் இட்டுக் காட்டோரத்தில் மறைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணினி வழியே வெளியிட்டார். சில நாள்களிலேயே அது கண்டெடுக்கப்பட்டது. ஒன்றை எடுத்தவர் ஒன்றை வைத்தல் வேண்டும். குறிப்பேட்டிற் பெயர் எழுதுதல் வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே மீள வைத்தல் வேண்டும். விதிகள் இவ்வளவே.

எமது மேல்வகுப்பு மாணவர் சிலர் இதனைக் காலிக் கோட்டையில் ஆடிப் பார்க்க விரும்பினர். ஒருவர் சிறிய தகரப் பெட்டி ஒன்றுக்குச் சாம்பல் வர்ணம் பூசிக்கூட வைத்திருந்தார். மதிற் பொந்தொன்றில் அதனை வைத்துவிட்டால் எவர் கண்ணிலும் படாது என்பது அவர் வாதம். நாம் மறுத்தோம். எவர் கண்ணிலும் படாது என்பதே எமக்கு அச்சந் தந்தது.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தையும், 1988 இல் அக்கோட்டை உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டதையும் முதலில் எடுத்துரைத்தோம். கல்லையே அசைக்கமாட்டோம் என்றனர். பின்னரே உண்மைக் காரணத்தைக் கூறினோம். 2011 இல் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், தெருவோரத்தில் மறைத்த புதையற் பெட்டியொன்றை வெடிபொருள் என ஐயுற்றுப் படையினர் தகர்த்தனர். குண்டுகளை அதிகம் அறியாத ஊர் அது. எமது நாடோ 2009 வரை போரைக் கண்டது. 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்ததைக் கண்டது. தமிழ் இளைஞர் இருவர் கோட்டை மதிலிற் கையை விட்டு எதையோ வைப்பதைக் கண்ணுறும் அவ்வூர்த் தாய் ஒருத்தி என்ன எண்ணுவாள்? அவள் அஞ்சினால் குற்றம் அவளதன்று. மாணவர் சற்று நேரம் பேசவில்லை. அவர்கள் பிழையேதும் செய்யாதிருக்கையில் இதனைச் சொல்ல நேர்ந்தது எமக்கும் கசப்பாகவே இருந்தது.

ஆயினும் பயணத்தைக் கைவிடவில்லை. பெட்டியே இல்லாமல், ஊரிலுள்ள எண்களைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும் முறையும் இவ்விளையாட்டில் உண்டு. அதனையே கைக்கொண்டோம்.

பழைய வாயிலிற் தொடங்கினோம். வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச இலச்சினை. உள்ளே புகுந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை, இரு சிங்கங்களும் மேலே ஒரு சேவலுமாக. கைபேசியிற் கண் பதித்து நடந்த நால்வர் அதனைக் கடந்தே போய்விட்டனர். அதிலுள்ள உரோம எண்களைப் படித்தால் 1669. இலக்கங்களைக் கூட்ட 22. அதனோடு 25 சேர்க்க 47. ஒல்லாந்தர் பெருந்தேவாலயம் கட்டி முடிந்த 1755 இன் இலக்கங்களைக் கூட்டி ஒன்றைக் கழிக்க 17. ஆகவே தேடவேண்டிய இடம் வடக்கே 6 பாகை 1.47 கலை, கிழக்கே 80 பாகை 13.17 கலை. ஒரு கலையின் நூற்றில் ஒரு பங்கு நிலத்தில் ஏறத்தாழ 18 மீற்றர் என்பதைப் புவியியற் பாடத்திற் பன்முறை கூறியிருக்கிறோம்; அன்று கால்களால் நடந்தபோதுதான் அது அவர்களுக்கு விளங்கிற்று.

குறிப்பு அழைத்துச் சென்ற இடம் வெளிச்சவீடு. 1848 இல் அமைந்த பழைய வெளிச்சவீடு தீக்கிரையாக, 1939 இல் எழுந்தது இன்றுள்ளது. எதிரே வெண்ணிறப் பள்ளிவாசல். அதனருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், மாணவர் நிலத்தையும் கைபேசியையும் மாறி மாறி நோக்குவதைக் கண்டு, என்ன பொருளைத் தொலைத்துவிட்டீர்கள் என்று தமிழிலேயே வினவினார். விடயத்தைக் கேட்டுச் சிரித்தவர், 2004 இல் ஆழிப்பேரலை வந்த நாளில் வெளியே பேருந்து நிலையம் அழிந்ததையும் மதில் உட்புறத்தைக் காத்ததையும் அரைமணி நேரம் விவரித்தார். எமது வினாத்தாளில் அது இருக்கவில்லை.

காலியின் மிகப்பெரும் புதையலோ இன்று காலியில் இல்லை. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல்வெட்டு அது. 1409 ஆம் ஆண்டினது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூவர்க்கும் ஏறக்குறைய ஒரே வரிசை! அந்நாயனார் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் அழித்தனர். கல்லோ 1911 இல் ரொமலின் என்னும் பொறியியலாளர் காணும்வரை காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது. எத்தனை வண்டிகள் அதன்மேற் சென்றனவோ.

கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அடுத்த விடுமுறையில் அங்கு செல்வதென மாணவர் தாமே தீர்மானித்துள்ளனர். இம்முறை வினாத்தாள் அவர்களுடையது. தேடுவோர் நாமும் எம் சக ஆசிரியர்களும்.