கூகுள் வழக்குகள்: தாமதமாகும் தீர்ப்பு யாருக்குச் சாதகம்?

சென்னை: கூகுளின் பிளே ஸ்டோர் கட்டண விதிகள் தொடர்பான மேல்முறையீடுகளை உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டில் விசாரணைக்கு ஏற்றது. மென்பொருள் சந்தையில் ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்தை நடைமுறையிலுள்ள சட்டத்தால் உரிய காலத்தில் கட்டுப்படுத்த இயலுமா என்ற விவாதம் இதனால் மீண்டும் வலுப்பெற்றுள்ளது.

இந்தியாவில் மிகப் பெரும்பாலான ஸ்மார்ட்போன்கள் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் செயல்படுகின்றன. அவற்றின் பயனர்களை அடைய செயலி நிறுவனங்களுக்கு பிளே ஸ்டோரே முதன்மை வாயில். செயலிக்குள் நடைபெறும் விற்பனைக்கு 15 முதல் 30 சதவீதம் வரை கட்டணம் விதித்த கூகுள், தனது பணம் செலுத்தும் முறையையே பயன்படுத்த வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தும் செயல் எனக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25-ஆம் தேதி ரூ.936.44 கோடி அபராதம் விதித்தது. இதையடுத்து மாற்றுக் கட்டண முறையை கூகுள் அனுமதித்தது. எனினும், அதைத் தேர்ந்தெடுப்போருக்குக் கட்டணம் 4 சதவீதப் புள்ளிகள் மட்டுமே குறைந்து, 11 முதல் 26 சதவீதமாக நீடித்தது.

இதை எதிர்த்த நிறுவனங்களுக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்கவில்லை. கட்டணம் செலுத்தவில்லை எனக் கூறி, சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகளை 2024 மார்ச் 1-ஆம் தேதி கூகுள் நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின்னரே, சில நாள்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. அதே மாதத்தில் புதிய விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம், இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்துவிட்டது.

தாமதம் புதிதல்ல. கூகுள் தேடுபொறி மீது பாரத் மேட்ரிமோனியின் தாய் நிறுவனமான மேட்ரிமோனி.காம் 2012-இல் அளித்த புகாரில், ரூ.135.86 கோடி அபராதம் 2018 பிப்ரவரியில்தான் விதிக்கப்பட்டது. பிளே ஸ்டோர் வழக்கிலும், ஆதிக்க நிலை தவறாகப் பயன்படுத்தப்பட்டதை 2025 மார்ச் 28-இல் உறுதிசெய்த தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அபராதத்தை ரூ.216.69 கோடியாகக் குறைத்தது.

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், விதிமீறல் நிகழ்ந்த பிறகே நடவடிக்கைக்கு வழிவகுக்கிறது. இதற்கு மாற்றாக, பெருநிறுவனங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை வரையறுக்க நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய கடமைகள் 2024 மார்ச் முதல் கட்டாயமாகியுள்ளன. அதே மாதத்தில் வெளியான இந்திய எண்மப் போட்டி மசோதாவின் வரைவு, உள்நாட்டில் ரூ.4,000 கோடி விற்றுமுதல், 1 கோடி பயனர்கள் போன்ற வரம்புகளை முன்மொழிந்தது.

இவ்வரம்புகள் வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களையும் பிணைக்கக்கூடும் என்ற அச்சம் தொழில்துறையில் உள்ளது. ஆண்ட்ராய்டிலும் பிளே ஸ்டோரிலும் மேற்கொள்ளும் முதலீட்டுக்கே கட்டணம் பெறுவதாக கூகுள் வாதிடுகிறது. அவ்வாதம் ஏற்கத்தக்கதா என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். ஆனால், அதுவரை கட்டணத்தைச் செலுத்துவதா, சந்தையை இழப்பதா என்ற நெருக்கடி சிறு நிறுவனங்களுக்கே உரியது. பல ஆண்டுகள் வழக்காடும் வசதி அவற்றுக்கு இல்லை என்பதே முன்கூட்டிய விதிகளைக் கோருவோரின் வலுவான வாதம்.