பொட்டு வைத்து மறைத்த விளக்கு

விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் எரிகின்ற விளக்கைக் கண்டு மனிதர் கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு என்பதை இவ்வாண்டு எங்கள் பள்ளி வேனில் நாங்கள் அறிந்துகொண்டோம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலிலிருந்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்கு வருகிறவர்கள் நாங்கள். வேனில் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆயுத பூசை கழிந்த வாரத்தில், ஓட்டுநர் அண்ணனுக்கு முன்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன எஞ்சின் படம் எரியத் தொடங்கியது. "அண்ணா, இது என்ன?" என்று கேட்டோம். "அதுவா? அது அப்படித்தாம்மா எரியும். வண்டி நல்லாத்தானே ஓடுது!" என்றார். மாலையில் இருட்டிய பிறகு அது கண்ணைக் கூசுகிறது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டபோது, எங்களில் ஒருத்தி பையிலிருந்து கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அண்ணன் அதை விளக்கின்மேல் ஒட்டினார். எல்லோரும் சிரித்தோம். பொட்டைக் கொடுத்தவர்கள் நாங்களே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். பிறரைக் குறைகூறப் புகுமுன் அதுதானே முறை?

அந்த விளக்கு என்ன சொல்கிறது? இக்காலத்து வண்டியின் எஞ்சினை ஒரு சிறு கம்ப்யூட்டர் ஆள்கிறது. உள்ளே போகும் காற்று எவ்வளவு, எஞ்சினின் சூடு எவ்வளவு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று உணர்கருவிகள் அதற்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. கணக்கு பிசகினால் அது ஓர் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. அதுவும் எடுத்த எடுப்பில் ஏற்றிவிடுவதில்லை. பெரும்பாலான கோளாறுகளை அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே ஏற்றும். நம்மில் பலரைவிடப் பொறுமைசாலி!

விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டவேண்டும் என்று பொருள். விட்டு விட்டுச் சிமிட்டினால் நிலைமை வேறு. எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது, உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டு என்று அது கெஞ்சுகிறது. எண்ணெய் அழுத்தத்துக்கும் எஞ்சின் சூட்டுக்கும் உரிய சிவப்பு விளக்குகள் இவற்றினும் கடுமையானவை. அவை எரிந்தால் எஞ்சினை நிறுத்திவிடவேண்டும். இவ்வளவையும் நாங்கள் பின்னர்தான் கற்றோம்.

ஒருநாள் வேன் சற்றே உதறியதால் அண்ணன் அதை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சொருகியில் ஒரு கருவியை மாட்டினார், ஏதோ பொத்தானை அழுத்தினார், விளக்கு அணைந்தது. "சரியாயிடுச்சு" என்று கூலியும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. அண்ணன் மீண்டும் பொட்டை ஒட்டினார்.

அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று பாலத்தின் நடுவில் வேன் நடுங்கியது. ஏறி மிதித்தாலும் வேகம் வரவில்லை. அடியிலிருந்து சூடும் ஒருவிதக் கருகல் நாற்றமும் வந்தன. அந்த நேரத்தில் பொட்டுக்கு அடியில் அந்த விளக்கு சிமிட்டியிருக்கவேண்டும். யார் கண்டார்? சிறிது தூரம் ஊர்ந்து வேன் நின்றேவிட்டது. ஜல்லி லாரிகள் எங்களை உரசுவதுபோல் கடந்துபோயின. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். பெரியவர்களாகிய நாங்கள் அவர்களைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராகப் பழையசீவரம் வரை நடத்திச் சென்று பஸ் ஏற்றினோம். பரீட்சை தொடங்கி முக்கால் மணி கழித்து மண்டபத்துக்குள் நுழைந்தோம். மதிப்பெண் போனது போகட்டும். அந்த லாரிகளில் ஒன்று சற்றே விலகி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது.

வாலாஜாபாத்தில் ஒரு வயதான மெக்கானிக்தான் முடிவில் நோயைக் கண்டார். அவர் கருவியை மாட்டியதும் எதையும் அழிக்கவில்லை. 'பி 0301' என்ற எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். 'பி' என்பது எஞ்சினையும் கியரையும் குறிக்கும். அடுத்த சுழி, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் என்பதற்கு அடையாளம். 3 என்றால் தீப்பொறி சம்பந்தப்பட்ட கோளாறு. கடைசியில் உள்ள 01 முதல் சிலிண்டர். முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பது மட்டும்தான் செய்தி. பிளக்கா, காயிலா, பெட்ரோல் பீய்ச்சும் இஞ்செக்டரா, அழுத்தக் குறைவா என்பதை அந்த எண் சொல்லாது. தலைவலி என்கிறவளுக்குக் கண்ணில் குறையா, பட்டினியா, காய்ச்சலா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து அறியமுடியுமா?

பெரியவர் செய்ததைக் கேளுங்கள். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார், இரண்டாவதை முதலில் மாட்டினார். பிறகு பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். இப்போது வந்த எண் 'பி 0302'. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது! ஆகவே குற்றவாளி காயிலேதான். ஒரு காசு செலவில்லாத சோதனை. எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் வரும் எந்தப் பரிசோதனையும் எங்களை இவ்வளவு மகிழ்வித்ததில்லை.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னுள்ள புகை வடிகட்டிக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. தேன்கூடு போன்ற அந்தப் பீங்கான் அமைப்பில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். அது உருகி அடைபட்டுப் போயிற்று. காயிலோடு முடிந்திருக்கவேண்டிய செலவு பல மடங்காயிற்று. அண்ணியின் கம்மல் அடகுக்குப் போனது. எங்கள் பொட்டின் விலை ஒரு ரூபாய்கூட இராது.

முதல் பட்டறைக்காரர் செய்தது எங்கள் கருத்தில் பெருந்தவறு. எண்ணை அழிக்கும்போது எண் மட்டுமா போகிறது? கோளாறு நேர்ந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, எஞ்சின் எவ்வளவு சூடாயிருந்தது என்று கம்ப்யூட்டர் பதிந்துவைத்த குறிப்பும் சேர்ந்தே போகிறது. அது சாட்சியை அழிப்பதற்கு ஒப்பாகும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். பாவில் இழை அறுந்தால் முடிந்துவிட்டு மேலே நெய்வாராம். ஆனால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் தறியை நிறுத்தி, அங்கே எது உரசுகிறது என்று பார்ப்பாராம்.

எங்கள் ஊருக்கே இதில் ஒரு பெருமை உண்டு. இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை இவ்வூரில் நடந்ததைக் கூறுகிறது. நோயைப் பார்க்கும் வைத்தியர் ஒருவர், அறுத்துச் சிகிச்சை செய்பவர் வேறொருவர், மருந்துக்கு வேண்டியவற்றைக் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பேணப் பெண்கள் என்று தனித்தனியே ஊதியம் குறித்திருக்கிறார்கள். பார்ப்பவரும் அறுப்பவரும் வேறு என்று வைத்திருந்த ஊரில், பார்க்காமலேயே விளக்கை அணைக்கும் வைத்தியமா?

"இதெல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் தந்திரம்" என்று வேனில் ஒரு தாத்தா வாதிட்டார். அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு. ஒரு படத்தை மட்டும் எரியவிட்டு, எண்ணைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும் என்று வைத்திருப்பது எங்களுக்கும் பிடிக்கவில்லை. 'முதல் சிலிண்டரைப் பார்' என்று தமிழில் எழுதிக்காட்ட அந்தக் கம்ப்யூட்டருக்கு முடியாதா? ஆயினும் விளக்கு பிறந்த கதை வேறு. புகைமூட்டத்தால் மூச்சுத் திணறிய கலிபோர்னியாவில்தான் 1988 முதல் புதுக் கார்களுக்கு இவ்வகைத் தன்சோதனை கட்டாயமாயிற்று. 1996இல் அமெரிக்கா முழுவதும் ஒரே விதச் சொருகியும் ஒரே விதப் பொது எண்களும் வந்தன. நம் நாட்டில் 2010இல் முதற்கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும் தொடங்கின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் இன்னும் இறுக்கின. ஓட்டுநரின் வசதிக்காக மட்டுமன்று, வண்டிக்குப் பின்னால் நடந்துவருகிறவர்களின் மூச்சுக்காகவும் அந்த விளக்கு எரிகிறது. 1998 முதல் கார்கள் உருவாகிவரும் இருங்காட்டுக்கோட்டை எங்களுக்கு வெகுதொலைவில் இல்லை. கார் பிறக்கும் சீமையில் கார் பேசும் மொழி தெரியாமல் இருக்கிறோமே!

அண்ணன்மீதும் முழுப் பழியைப் போடமாட்டோம். வேன் ஒருநாள் பட்டறையில் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. மாத வாடகையில் பிடித்துக்கொள்ளும் பெற்றோரும் இருக்கிறார்கள். விளக்கைக் காட்டப்போகும் நாளுக்கு வாடகையைக் குறைக்கமாட்டோம் என்று பெற்றோர் சொன்னால் பொட்டுக்கு வேலையே இராது.

2012ஆம் ஆண்டு தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன்பின் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன, பேருந்துகளை ஆண்டுதோறும் மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். எங்கள் வேனைப் போன்ற வாடகை வேன்கள் அங்கே வரக் கண்டதில்லை. அவையும் வரவேண்டும். வந்தால், இயந்திரம் ஏதுமின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்றை வாலாஜாபாத் பெரியவர் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்த மஞ்சள் விளக்கு எரியவேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். பழைய கார் வாங்கப்போகும் அப்பாக்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது காலையில் வேன் கிளம்புமுன் நாங்கள் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறோம். அண்ணன் வேண்டுமென்றே சாவியை மெதுவாகத் திருப்பி, "பாத்துக்கோங்கம்மா, எரியுதா? அணைஞ்சுதா? ஏறலாமா?" என்று கேட்கிறார். கண்ணாடியில் பொட்டின் பசை வட்டமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கும் பொறுப்பு பொட்டுக் கொடுத்தவளுடையது. பரீட்சை முடியட்டும் என்கிறாள்.